எந்த ஒல்லிக்குச்சிக்கு?

"அயர்ன் பாக்ஸை வெளியே எடுங்க. சுற்றுலாக் கப்பல்ல விடமாட்டாங்க" என்ற மனைவி, கணவரின் பெட்டியைத் தானே கிளறினாள். ஸ்வெட்டருக்கு அடியில் ஒரு புதுச் சுடிதார் இருந்தது.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கா? என் ஒரு கைகூட இதுல நுழையாது. இந்த வயசுல எந்த ஒல்லிக்குச்சிக்கு?"

அவர் சுடிதாரை மறுபடி பெட்டிக்குள் திணிக்கப் பார்த்தார்.

"அதான் போனைத் தூக்கிக்கிட்டு அடிக்கடி பால்கனிக்குப் போறீங்களா? உண்மை தெரியாம நான் கப்பல் ஏறமாட்டேன்."

அவர் சொன்னார்: "நம்ம பொண்ணுக்கு. நாம போற கப்பல்லதான் நர்ஸா இருக்கா. நம்மளை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு நீ சொன்னே. அதான் மறைச்சேன். அவ விட்டுட்டுப் போன பழைய சுடிதாரை டெய்லர்கிட்ட அளவுக்குக் கொடுத்துத் தைச்சு வாங்கினேன்."

அவள் சுடிதாரை மடியில் விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, வெட்டிடாதேம்மா!"

"பக்கத் தையலைப் பிரிக்கிறேன். அவளுக்குன்னா இவ்வளவு சின்னதா இருக்காதேன்னுதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. இப்ப நல்லா பூசினாப்பல ஆயிட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க குளிக்கப் போனதும் தினம் வீடியோவில வருவாளே!"