பார்த்தவர்கள் நாற்பத்தொன்று

பூலாம்பாடி பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நானே பதினெட்டாவது தடவையாகத் திறந்து பார்த்தேன்.

பார்த்தவர்கள் நாற்பத்தொன்று. என் தங்கை இருசம்மாள் பெயர் மட்டும் இல்லை.

அவள் வீடு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

காலையில் ரஞ்சன்குடிக் கோட்டை மேல் ஏறி ஒரு படம் போட்டேன். 'தன்னந்தனியாக ஊர் சுற்றுகிறேன், உச்சியில் நின்றால் இலங்கை தெரிகிறது' என்று எழுதினேன். முப்பத்து நாலு வருடம் கண்டக்டராக இருந்து டிக்கெட் அளவுக்குத்தான் பேசினேன். ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் தாராளமாகப் பேச வேண்டாமா?

மதியம் இந்தப் பெஞ்சைப் படமெடுத்துப் போட்டேன். 'பூலாம்பாடியில் இருக்கிறேன். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன்.'

அதன்பிறகு ஐந்து பஸ்ஸை விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில், ஊருக்குள் வந்த சொந்தக்காரனைச் சாப்பிடக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். அதை நம்பித்தான் வந்தேன். கூப்பிட வேண்டியவளைத் தவிர ஊரே கூப்பிட்டது.

என் மனைவி வழிச் சொந்தம் உத்திராபதி மட்டும் நாலு தடவை போன் செய்துவிட்டான். "இவ்ளோ தூரம் வந்துட்டு வூட்டுக்கு வராம போனா நல்லாவா இருக்கு மாமா? கோழி கொதிக்குது, வாங்க."

கோழி வாசனை போன் வழியாகவே வந்தது. ஆனால் இந்த ஊரில் வேறு வீட்டில் கை நனைத்தேன் என்று தெரிந்தால், இருசம்மாள் என் கருமாதிக்குக்கூட வரமாட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

நானாகப் போய் நிற்கவும் முடியாது. என் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லியிருக்கிறாள்.

தை மாதம் அவள் மகள் மலர்க்கொடிக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது தாய்மாமன் நான் சபையில் உட்கார வேண்டும். திடீரென்று நாள் குறித்துவிட்டார்கள். நானோ ஏற்காட்டில் அறை போட்டுவிட்டேன். நூற்றெட்டு டிகிரி காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை என்று சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

படகில் இரண்டு கையையும் விரித்து நின்ற படத்தை, ஊர் திரும்பும்வரை பொறுக்காமல், ஏரியிலிருந்தே ஸ்டேட்டஸ் போட்டேன்.

இங்கே தட்டு மாற்றுகிற நேரத்தில் சபையில் ஒவ்வொருவர் கையிலும் நான் படகில் நின்றுகொண்டிருந்தேனாம்.

வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்து பதினொரு நாள் ஆகிறது. குலதெய்வத்துக்கு அடுத்தபடி முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். அது வராவிட்டால் மலர்க்கொடிக்கு நான் மாமனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அரியலூரில் என் வீட்டு வாசலைப் பார்த்துப் பார்த்து, கதவே தேய்ந்துவிட்டது.

ஆறாவது பஸ் வந்து நின்றது. பசி, எரிச்சல், வெயில். போதும், கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

கடைசியாக ஒரு தடவை போனைத் திறந்தேன்.

நாற்பத்தொன்று அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, இருசம்மாள் புதிதாக ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திறந்தேன்.

சிமெண்டு பெஞ்சு. அதில் ஒரு வழுக்கைத் தலையின் பின்பக்கம். பக்கத்தில் என் நீலப் பை.

படத்தின் ஓரத்தில் ஒரு தாம்பாளத்தின் விளிம்பு. வெற்றிலை, பாக்கு, நாலு முனையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அதன்மேல் என் பெயர்.

கீழே எழுதியிருந்தாள்: 'பத்திரிகை வைக்க அரியலூருக்குப் பஸ் ஏற வந்தோம். காய்ச்சல் விட்டுடுச்சாண்ணே?'

திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு தடவை இருமிக்கொண்டேன்.