ஐந்து வோல்ட்

மகள் இன்மொழியின் காரியம் முடிந்த மறுநாள், எங்களை மீறி அவளைக் கல்யாணம் செய்தவன் வாசலில் வந்து நின்றான். கையில் அவள் செய்த ரோபோ.

“இதுக்குள்ள இருக்கிற போர்டுல உங்களுக்காகப் பேசி வச்சிருக்கா மாமா. வேற எங்கயும் அது இல்ல. பேட்டரி பன்னெண்டு வோல்ட், போர்டு அஞ்சுதான் தாங்கும். நடுவுல குறைச்சுக் கொடுக்கிற பாகம் கெட்டுப்போச்சு. நாளைக்கு வாங்கிட்டு வந்து நானே...”

“மாமான்னு கூப்பிடாதே. வச்சிட்டுப் போ. எங்க வீட்டு வேலைய நாங்க பாத்துக்குவோம்.”

கதவைச் சாத்திவிட்டு, பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் நேராகப் போர்டில் பொருத்தினேன். பச்சை விளக்கு ஒரு கணம் எரிந்தது. பிறகு கருகல் வாடை.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள், “பேசினாளா?”

“பேசினா.”

ஈரக் கையோடு ஓடிவந்தாள். “எனக்கு இன்னொரு தடவை போடுங்க.”