பஞ்சிடம் தோற்ற ராஜா

"போயும் போயும் ஒரு கடற்பஞ்சுக்கா பயந்து கோட்டைக் கதவை மூடி வச்சிருக்கே?"

பின்னால் நின்று கணினி விளையாட்டுத் திரையை எட்டிப் பார்த்த மனைவி பெர்லிட்டா கேட்டதும் கிரிசாந்தோவுக்குச் சுருக்கென்றது.

"பயமா, எனக்கா? டிராகனையே வெட்டிச் சாய்ச்ச கோட்டை இது, இண்டாய்!" என்று அவளைச் செல்லப்பெயரில் அழைத்தே சீறினான்.

"அப்ப இது என்ன செய்யும்?"

அவன் பஞ்சைத் தொட்டுக் காட்டினான். 'கடற்பஞ்சு. தீங்கற்றது' என்று விளையாட்டே சொன்னது.

"ஒண்ணும் செய்யாது. கரையில சும்மா கிடக்கும்."

"நம்ம வீட்லயும்தான் ஒண்ணு ஆறு மாசமா சும்மா கிடக்கு. நான் என்ன பயந்தா சாகுறேன்?"

கால் சென்டர் வேலையை விட்டதிலிருந்து கிரிசாந்தோவுக்கு அந்த நாற்காலிதான் சிம்மாசனம். போன வாரம் மச்சான் வந்து, தபோவான் சந்தையில் தன் கருவாட்டுக் கடைக்கு ஆள் வேண்டும் என்றான். இவன் வாய் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் இருந்த சாந்தோ நீன்யோ சிலையைத் தொட்டு, "என் கோட்டை என்னைக்கு விழுதோ, அன்னைக்கே விளையாட்டை விட்டுட்டு உன் கடைக்கு வந்துடறேன்" என்று சத்தியம் செய்துவிட்டான். குழந்தை ஏசுவின் மேல் செய்த சத்தியத்தை மீறிவிட்டு செபுவில் எவனும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"பஞ்சுக்குப் பயந்த ராஜா! நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெர்லிட்டா.

"இப்ப பாருடி!"

கதவைத் திறந்து மொத்தப் படையையும் ஏவினான். குள்ள வீரர்கள் பாய்ந்து பஞ்சைக் குத்தினார்கள். குத்திக்கொண்டே இருந்தார்கள். வெட்டத் தலை இல்லை, சிந்த ரத்தம் இல்லை, அதற்கு உயிர் எங்கே இருக்கிறதென்று அதற்கே தெரியாது. எதிரி சாகும்வரை சண்டையை விடாத சாதி அந்தக் குள்ளர்கள். சோறு தண்ணீர் மறந்து ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள்.

"திரும்பி வாங்கடா, மடப்பசங்களா!" என்று கத்தினான். ஒருவனும் கேட்கவில்லை. காவலற்ற கோட்டைக்குள், வெளியே காத்திருந்த எதிரிப் பூதங்கள் சாவகாசமாக நுழைந்தன. பஞ்சு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"அது என்ன பண்ணிச்சு, டோங்?" என்று அவளும் அவன் செல்லப்பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"ஒண்ணுமே பண்ணலை."

"அதான் தீங்கற்றதுன்னு போட்டிருக்கான்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவன் சிரித்தான். "உலகத்துலயே பஞ்சுகிட்ட தோத்த ஒரே ராஜா நான்தான். என் கல்லறையில மறக்காம எழுதி வை."

சத்தியம் சத்தியம்தான். சிலையின் பாதத்தை முத்தமிட்டுவிட்டுக் கிளம்பினான். பெர்லிட்டா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து, "கடவுள் உனக்கு இன்னைக்காவது புத்தி குடுத்தாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'பாவம், நாம் திருந்த வேண்டுமென்று எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்!' அவனுக்கு வெட்கமாக இருந்தது. கருவாடு நாறினாலும் பரவாயில்லை, இனி இவளுக்காக உழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சந்தைக்குப் போகும் ஜீப்னி வண்டிக்காக நின்றான்.

பர்ஸை மறந்தது அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடினான்.

வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் நாற்காலியில் சம்மணமிட்டு பெர்லிட்டா உட்கார்ந்திருந்தாள். திரையில், அவனுடையதைவிட நாலு மடங்கு பெரிய கோட்டை. காதில் இடுக்கிய போனில் யாரோ தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அனுப்பியாச்சுடி! இனி அவன் எப்ப தூங்குவான்னு காத்துக் கிடக்க வேண்டாம், பகல்லயே ஆடலாம். என்னோட மூணு கோட்டையை முழுங்கின பஞ்சு, அவனோடதை மட்டும் விட்டுடுமா?"