திரையில் பெய்த மழை

புதுச் சாலை வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் குப்பமே மூழ்கிவிடும் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பாக்கியம் எழுந்து சத்தம் போட்டாள். சாலையை வடிவமைத்த எழிலரசி எதிர்வாதம் செய்யவில்லை. மடிக்கணினியில் சாலை வரையும் மென்பொருளில் புதிதாக வந்திருந்த வசதியைத் திறந்து, தான் வரைந்த சாலைமேல் மழையைப் பெய்யவிட்டாள். திரையில் நீலமாக வெள்ளம் ஏறியது. பாக்கியம் தன்னையறியாமல் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மேலதிகாரியோடு மல்லுக்கட்டி எழிலரசி சாலையில் சேர்த்திருந்த சிறுபாலங்களுக்கு அடியில் வெள்ளம் புகுந்து கடலுக்கு ஓடியது. குப்பத்தில் ஒரு வாசலையும் அது தொடவில்லை.

“இன்னாம்மா இது, தூறலா? எங்க மழைய நீ பார்த்ததில்ல. இன்னும் கூட்டு.”

கூட்டினாள்.

“இன்னும்.”

எழிலரசி மழையை அதன் உச்ச அளவுக்கே ஏற்றினாள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்று, பாக்கியத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.