நாலாவது ஓட்டை

நர்ஸின் கைப்பையில் ஊக்குகள் இருந்தன. ஒன்றிரண்டல்ல, ஓர் அட்டை. அதில் பாதி காலி.

மருமகள் பையை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "பாத்தீங்களா? ஒன்னரை மாசத்துல பெட்டுல நாலு ஓட்டை. நான் சொன்னப்ப சிரிச்சீங்க."

கணவன் குழாயடியில் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அடுத்தவங்க பையை நோண்டுறதா? அவங்க வந்த பிறகுதான் அப்பா முதுகுப் புண்ணே ஆறிச்சு."

"ஆறினது திரும்ப வந்துட்டா? தண்ணி குறைஞ்சு முதுகு பலகையில முட்டினா ஒரே நாள் போதும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

மாமனார் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் நின்று எட்டு மாதம். அன்று வாங்கிய வாட்டர் பெட்டை அவள் கைக்குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். பதினைந்து நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுவாள், பாசி பிடிக்காமலிருக்க ஒரு மூடி மருந்து ஊற்றுவாள். வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று புறங்கையால் பார்ப்பாள். நகவெட்டி, சீப்பு எதுவும் அந்தக் கட்டில் பக்கம் வரக்கூடாது.

அப்படியும் ஓட்டை விழுந்தது. நாலும் இடப்பக்க ஓரத்தில், இடுப்புக்கு நேராக. நர்ஸின் ஸ்டூலும் அந்தப் பக்கம்தான்.

"சரி, ஓட்டை போட்டு அவங்களுக்கு என்ன கிடைக்கப் போவுது?"

"ரெண்டு மணி நேரம் ஓய்வு. மாமாவை நாற்காலியில உக்கார வெச்சுட்டு, பெட்டைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடறா. ஒட்டு காயற வரைக்கும் பஞ்சர் கடையில அரட்டை. கடைக்காரன் அவளுக்கு மாமன் மகனாம், தெரியுமா?"

இதெல்லாம் மாமனாரை வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். அவர் ஜன்னலோரம், மார்பைச் சுற்றித் துண்டால் நாற்காலியோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையில் ஒருவன் ஏணி போட்டுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தான். கண் அந்தப் பக்கம் இருந்தது. பார்க்கிறாரா, சும்மா திறந்திருக்கிறதா என்று வீட்டில் யாரும் யோசிப்பதை விட்டு நாளாகிவிட்டது.

நர்ஸ் சுருட்டிய பெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிலில் விரித்து, ஒட்டின இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இந்த வாட்டி ரெட்டை ஒட்டு மேடம். இனிமே அங்க போகாது."

"வேற இடத்துல போகும். பையில எதுக்கு இத்தனை ஊக்கு?"

நர்ஸ் பையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "எச்சிலுக்கு அப்பா கழுத்துல போடற துண்டுக்கு மேடம். இழுத்து இழுத்துப் போட்டுடறாரு. அதான் குத்தி வைக்கிறேன். அந்த ஊக்கும் அப்பப்பக் காணாமப் போயிடுது."

"கேட்டுக்குங்க!" என்றாள் மருமகள். "எட்டு மாசமா ஒரு விரலைத் தூக்காத மனுஷன் துண்டை இழுக்கிறாராம். காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவில்ல?"

"போன மாசமே சார்கிட்ட சொன்னேனே!"

கணவன் வாளியோடு நின்றான். "ஏதோ சொன்னாங்க. ஃபேன் காத்துல விழுந்திருக்கும்னு நெனைச்சேன்."

"ஏஜென்சிக்கு போன் பண்ணப்போறேன்" என்றாள் மருமகள். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

நர்ஸின் முகம் சுருங்கியது. "ஓட்டை போட்டேன்னு சொல்லி அனுப்பினா எனக்கு வேற வீடு தர மாட்டாங்க மேடம். போறேன். வேலை சரியில்லன்னு மட்டும் சொல்லுங்க. அந்த வார்த்தை வேணாம்."

கணவன் புனலை வைத்துத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தான். தலை நிமிரவேயில்லை.

நர்ஸ் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். "இன்னும் ரெண்டு வாளி போதும் சார். காத்தைத் தள்ளிட்டு மூடியைப் போடுங்க, இல்லேன்னா களக்களக்னு ஆடும். அப்பாவை வலது தோளைப் பிடிச்சுத் தூக்காதீங்க, நழுவிடும்."

பெட் உப்பி எழுந்தது. மருமகள் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள், பலகை தட்டவில்லை. விரிப்பைப் போட்டு ஓரங்களைச் செருகினாள்.

மார்புத் துண்டை அவிழ்த்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாமனாரைத் தூக்கினார்கள். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"எங்கயோ வேட்டி மாட்டியிருக்கு, பாரு" என்றான் கணவன்.

அவள் குனிந்தாள். வேட்டி மாட்டியிருக்கவில்லை. நாற்காலியின் கையை ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

தலைக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமுவது மருமகளுக்குக் கேட்டது.

"அவ இல்லம்மா... நான்தான். உக்காரணும்."