பாதியில் நின்ற கெர்னல்

"இதுல கடைசியா கை வெச்ச மகானுபாவர் யாரு?"

முசூசு நகரத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக மூன்று மணி நேரம் மண் ரோட்டில் குலுங்கி வந்த எரிச்சல் சங்வானியின் குரலில் இருந்தது. மலையடிவாரத்து ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் ஜன்னலை ஒட்டி ஒரு சின்ன அறை. மேஜை மேல் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள். கடைசி வரி, 'கெர்னல் பேனிக்'. அதற்கு மேல் நகரவில்லை.

"கோண்ட்வே சார்," என்றாள் தலைமை நர்ஸ் தமாலா. "இந்த மெஷின், பிரிண்டர், நெட்வொர்க் எல்லாம் அவர்தான் பார்த்துக்கிட்டார்."

"பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே. ஆளை வரச் சொல்லுங்க."

"அவர் இல்லீங்க சார்."

"எப்படி இருப்பார்? கூரையில தீ வெச்சவன் அணைக்கவா வந்து நிப்பான்?"

தமாலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜன்னலில் ஒரு பெண், "சிஸ்டர், நான் சாப்பிடறது வெள்ளை மாத்திரையா மஞ்சளா?" என்றாள். தமாலா ஓடினாள்.

வெளியே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். காசநோய்க்காரர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டு இன்றோடு ஐந்தாவது நாள். நர்சுகள் நோயாளிகளையே கேட்டுக் கேட்டு, பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தமாலா பால் சேர்க்காத டீயும் தட்டில் எண்ணெயில் பொரித்த இரண்டு மண்டாசி உருண்டையும் கொண்டுவந்து வைத்தாள். சங்வானி ஒரு மண்டாசியைக் கடித்தபடியே பாடம் எடுத்தான்.

"கெர்னல்னா வண்டிக்கு இன்ஜின் மாதிரி சிஸ்டர். அதைப் புதுசா மாத்தப் போயிருக்கான் உங்க ஆள். பாதி மாட்டினான், மீதியை அப்படியே போட்டுட்டு நடையைக் கட்டிட்டான். எங்க ஊர்ல ஆடு மேய்க்கறவன்கூட பட்டியைச் சாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போவான்."

"சார், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"நீங்க சொல்ல வேண்டாம். மெஷினே சொல்லும். மனுஷன் பொய் சொல்வான், இது சொல்லாது."

அணைத்துப் போட்டான். திரை விழித்ததும் ஒரு பொத்தானை விடாமல் அழுத்தினான். ஒரு பட்டியல் வந்தது. "பாருங்க, பழைய கெர்னல் இன்னும் உள்ளேதான் இருக்கு. இதைத் தேர்ந்தெடுத்தா வண்டி ஓடும். இதுகூடத் தெரியாதவனுக்கு மாசச் சம்பளம், ஒரு நாற்காலி, அதுக்கு ஒரு மெத்தை வேற."

நாற்காலியில் கிடந்த பின்னல் மெத்தையை உருவிக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். தமாலா குனிந்து அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

வரிகள் சரசரவென்று ஓடின. ஆஸ்பத்திரியின் பச்சைத் திரை வந்தது. அடுத்த அறையில் யாரோ கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். தமாலா எட்டிப் பார்த்து, "வரிசையை விடாதீங்க, மெஷின் வந்துருச்சு," என்றாள். நாலு நாளாக அந்த முகத்தில் இல்லாத ஒரு தெளிவு அப்போதுதான் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

சங்வானிக்கு மட்டும் ஆறவில்லை. பாதியில் நின்ற வேலையை முடித்துப் புதுக் கெர்னலையும் சரியாக உட்கார வைத்தான். பிறகு, நடந்ததையெல்லாம் மெஷின் எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறந்தான்.

"வாங்க சிஸ்டர், உங்க கோண்ட்வே சாரோட வண்டவாளத்தைப் பாருங்க. வியாழக்கிழமை காலைல பத்து நாற்பதுக்கு ஆரம்பிச்சிருக்கான். பத்து நாற்பத்தாறுக்கு மெஷின் இவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கு. பழைய அமைப்பு இருக்கட்டுமா, புதுசு வேணுமான்னு. பதில் ஒரு எழுத்து. ஒரு விரல் போதும். அதைக்கூட அழுத்தல."

தமாலா திரையைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அங்கே அப்படியே இருந்தது. எதிரே பதில் இல்லை.

"இது பத்தாதுன்னு, ரெண்டே நிமிஷத்துல பதிவு அப்படியே அறுந்திருக்கு, எவனோ ஒரு புத்திசாலி மெயினையே அணைச்சிருக்கான். கெர்னல் மாத்தும்போது கரண்டைப் பிடுங்கறவனை என்ன சொல்றது? கழுதைன்னு சொன்னா கழுதை கோவிச்சுக்கும். ரெண்டு பேர் மேலயும் எழுதித்தான் கொடுக்கப் போறேன். பேர் சொல்லுங்க."

காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தான். "ஒருத்தன் கோண்ட்வே. மெயினை அணைச்சது?"

"தமாலா ம்கண்டவிரே. நான்தான் சார்."

பேனா நின்றது. "நீங்களா? சரி, பரவாயில்ல, உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. ஆனா அந்த ஆளுக்குத் தெரியுமே. ஒரு எழுத்தைத் தட்டறதுக்குள்ள அப்படி என்ன தலைபோற அவசரம்? எங்க எழுந்து போனான்?"

தமாலா கையிலிருந்த மெத்தையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"எழுந்து போகல சார். அந்தக் கேள்வி வந்தப்போ அவர் இந்த மேஜை மேலேயே சாஞ்சு கிடந்தார். கரண்ட் அடிச்சிருச்சுன்னு நினைச்சுத்தான் நான் ஓடிப்போய் மெயினை அணைச்சேன். மாரடைப்பாம், சனிக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம்."