கடைசி பாகத்துக்கு ஒரு பீர்

"சத்தம் போடாம வாங்க சார். அவனுக்குச் சத்தம் ஆகாது," என்று கிசுகிசுத்தார் பஸ் டிரைவர்.

நடுவர் ஷூவைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் அறைக்குள் நுழைந்தார். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. டிவிக்கு நேர் எதிரே, கழுத்துவரை கம்பளி போர்த்தியபடி உட்கார்ந்திருந்தது ஒரு ஸ்டீல் டிரம்.

"இவன்தான் சார்," என்று டிரைவர் கம்பளியை இழுத்துச் சரிசெய்தார். "இருபத்தோரு நாள், இருபத்தோரு பாகம். தொடரைப் பாத்துப் பாத்தே புளிச்சவன்."

நடுவர் ஆச்சரியப்படவில்லை. போட்டியே அப்படிப்பட்டது. வீட்டில் காய்ச்சிய கிராஃப்ட் பீர், ஊரே பார்க்கும் அந்தக் குடும்பத் தொடரின் கடைசி பாகத்துக்குப் பொருந்த வேண்டும். மற்றவர்கள் ஆரஞ்சுத் தோல், காப்பிக்கொட்டை என்று எதையெதையோ சேர்த்துப் பார்த்தார்கள். டிரைவர் தொடரையே சேர்த்துவிட்டார்.

"தொடர் சாயங்காலம் ஏழு மணிக்கு. நீங்க அப்போ வண்டியில இருப்பீங்களே. டிவி போட்டது யாரு?" என்று கேட்டார் நடுவர்.

"என் வீட்டுக்காரிதான் சார். நான் மறுநாள் டிப்போவுல மறுஒளிபரப்பு பாத்துக்குவேன். ஒரு நாள் கூடத் தவறல. என்னம்மா?"

"ம்," என்றாள் மனைவி, திரும்பாமலே. அவள் இஞ்ச் டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

அவள் தையல்காரி. ஒரு வருடமாக அவளுடைய மிஷின் சமையலறையில், அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தைத்த சட்டையில் தாளித்த வாசனை வருகிறது என்று நான்கு பேர் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பீர் ஜெயித்தால் அறை டிரம்முக்கு, தோற்றால் மிஷினுக்கு என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

"இன்னும் தீர்ப்பே வரல, அதுக்குள்ள குடி வந்துட்டியா?" என்றார் டிரைவர்.

"வெறும் பாத்திரத்துக்குக் கதை காட்டி ஜெயிக்கப் போறாராம்! கட்டின பொண்டாட்டிக்கு என்னிக்காவது கம்பளி போத்தி விட்டிருக்கீங்களா?"

டிரைவர் நடுவரிடம் குரலைத் தாழ்த்தினார். "பேச்சுதான் சார் இப்படி. மனசு வெண்ணெய். பதினேழாம் பாகத்துல கதாநாயகியோட அப்பா செத்துட்டாருன்னு வந்துச்சு பாருங்க, அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தா மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்கா. சாப்பாடு கூட ஆக்கல."

நடுவர் நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கையோடு கொண்டுவந்திருந்த கடைசி பாகத்தை டிவியில் ஓடவிட்டார். டிரம்மின் குழாயைத் திருகி ஒரு கிளாஸ் பிடித்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் கதாநாயகி விசும்பிய நேரம் பார்த்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"அடடா! கசப்புன்னா இது கசப்பு. தொண்டைய அடைக்குது. இழவு வீட்டுல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு."

டிரைவர் மனைவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் உதட்டைச் சுழித்தாள்.

திரையில் வாசல் கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார்.

"ஐயோ!" என்று மனைவி இஞ்ச் டேப்பைக் கீழே போட்டாள்.

நடுவர் இரண்டாவது வாய் குடித்தார். முகம் சுருங்கியது. தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு மூன்றாவது வாயும் குடித்துப் பார்த்தார்.

"என்ன சார்?" என்று டிரைவர் கிட்டே வந்தார்.

"அப்பா திரும்பி வந்துட்டாரு. பொண்ணு ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்குது. உங்க பீர் இன்னும் அழுதுக்கிட்டே இருக்கு."

"ஆனந்தக் கண்ணீரா இருக்கும் சார்!"

"என் நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? அவரு உயிரோட இருக்காருன்னு பதினெட்டாம் பாகத்துலயே காட்டிட்டாங்க. பாத்த எல்லாருக்கும் தெரியும். இந்தப் பீருக்குத் தெரியல."

"தெரியாம எப்படி சார் இருக்கும்? முழுசாப் பாத்திருக்கானே!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கவனிக்காம பாத்திருப்பான்," என்றார் நடுவர். 'பொருந்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஷூவை மாட்டிக்கொண்டு அடுத்த போட்டியாளர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

டிரைவர் டிவியை அணைத்தார். டிரம்மின் கம்பளியை உருவி மடித்தார்.

"நீ சொன்னதுதான் சரி. பாத்திரம் வெறும் பாத்திரம்தான். அதுக்குப் போய்க் கதை காட்டினேன் பாரு, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும். அறைய நீயே எடுத்துக்க. நாளைக்குக் காலைல டிரம்ம வித்துடறேன்."

மனைவி விரல்விட்டு எதையோ எண்ணினாள். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து எண்ணினாள். பிறகு மெதுவாக டிரம்மின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"விக்க வேணாம். அறையும் எனக்கு வேணாம்."

"ஏன்? இவ்வளவு நேரம் அதைத்தானே அளந்துக்கிட்டிருந்த?"

"என்னங்க... பதினேழாம் பாகத்துக்கப்புறம் நான் அவனுக்கு டிவியே போடல."